யார் பேருக்கு

இருபது டன் பெட்டி கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது கிரேன் ஓட்டுகிறவனிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. துறைமுகத்தில் இது எங்கேயும் எழுதி வைக்காத சட்டம். மேற்பார்வையாளர் ஸ்டான்லியே அந்தச் சட்டத்தை மீறினார் என்றால் விஷயம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.

"ராஜ், அந்தப் பெட்டியை வச்சிட்டு இறங்கு. அடுத்ததுல கையை வைக்காத."

"ஷிஃப்ட் முடியலையே சார்."

"இறங்குலே, சொல்லுதேன்."

இசக்கிராஜ் நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து லிஃப்டில் இறங்கினான். பதினோரு வருடத்தில் ஒரு பெட்டியைக்கூட அவன் கப்பலின் விளிம்பில் உரசியதில்லை. என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்துக்கொண்டே வந்தவனிடம் ஸ்டான்லி தன் கையிலிருந்த டேப்லெட்டை நீட்டினார். அதில் அவன் பெயர், அவன் சுகாதார அட்டை எண், கீழே சிவப்பில் ஒரே ஒரு வரி: இதயச் செயலிழப்பு, இரண்டாம் நிலை.

"எனக்கா?"

"ஒனக்குத்தான். படியளவுல வந்திருக்கு. இந்த நெலைக்காரன் ஒசரத்துல உக்காரக் கூடாதுன்னு உத்தரவு. நாளையிலேர்ந்து கேட் ஆபீஸ்ல லாரி நம்பர் எழுது. நான் என்ன செய்ய?"

மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு ஏறியவன் அவன். நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான். அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

படியளவுத் திட்டம் வந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. அதைக் குறை சொல்ல யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்கவும் இல்லை. இதயம் தளர்கிறவனுக்கு முதலில் தெரிவது படி ஏறும்போது வாங்குகிற மூச்சுதான். ஆனால் அதை அவன் டாக்டரிடம் போய்ச் சொல்ல மாட்டான். வயசாகிவிட்டது என்பான், வெயில் என்பான், கடைசியில் படி ஏறுவதையே விட்டுவிட்டு எனக்கு ஒன்றுமில்லை என்பான். ஆகவே அரசாங்கம் படியையே டாக்டர் ஆக்கிவிட்டது. இருநூறு படிக்கு மேல் உள்ள மலைக்கோயில், கோட்டை, அடுக்குமாடி எல்லாவற்றிலும் படிக்கு அடியில் கருவி பதித்தார்கள். ஏறுகிறவன் எடை என்ன, எத்தனை படிக்கு ஒருமுறை நிற்கிறான் என்பது படிக்குத் தெரியும். நாடியும் மூச்சும் அவன் மணிக்கட்டில் கட்டும் பட்டைக்குத் தெரியும். இரண்டையும் கூட்டிப் பார்த்து நெஞ்சின் நிலையைச் சொல்லிவிடும். எத்தனையோ பேரை அது காப்பாற்றியிருக்கிறது, பொய் சொல்லக் கூடாது.

ஆரம்பத்தில் ஒரு சிக்கல் இருந்தது. பட்டையைக் கண்டதும் ஜனங்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி சமாசாரம் என்றால் நம் ஆட்களுக்கு ஆகாது. உடனே ஒரு புத்திசாலி அதிகாரி, மலைக்கோயில்களில் பட்டையின் மேல் மஞ்சள் நூலைச் சுற்றச் சொன்னார். காப்புக் கட்டுவது என்று அதற்குப் பெயர் வைத்தார். கட்டிவிடும் வேலையைக் கோயில் சேவைக்காரர்களிடமே ஒப்படைத்தார். அடுத்த வாரமே ஜனங்கள் வரிசையில் நின்று கையை நீட்டினார்கள். அதிகாரிக்கு விருது கிடைத்தது. அவர் தன் வாழ்நாளில் அர்ச்சனைச் சீட்டுக்கு வரிசையில் நின்றவர் இல்லை என்பதை விருதுக் குழு விசாரிக்கவில்லை.

டாக்டர் அமலோற்பவம் அந்த மாவட்டத்தின் இதய அலுவலர். முப்பது வருடமாக நெஞ்சுகளோடு மல்லுக்கட்டுகிறவர். சிடுமூஞ்சி என்று பெயர், ஆனால் யாரையும் அவசரமாக அனுப்ப மாட்டார். இசக்கிராஜ் போனபோது அவன் மனைவி செண்பகவல்லியும் நாலு மாதக் கைக்குழந்தையோடு கூட வந்தாள். இரண்டு மாடி ஏறி வந்து அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மாடி ஏறினா மூச்சு வாங்குதா?" என்று டாக்டர் அவனைக் கேட்டார்.

"இல்ல டாக்டர்."

"ராத்திரி மல்லாந்து படுத்தா மூச்சு முட்டி எந்திரிச்சு உக்காருதீங்களா? எத்தனை தலகாணி வச்சுப் படுக்கீங்க?"

"ஒண்ணு. காலையில அதுவும் கீழதான் கெடக்கும்."

"குனிஞ்சு செருப்பு மாட்டும்போது அடைக்குதா?"

"இல்ல."

அவர் அவன் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி விழவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருக்கிறதா என்று பார்த்தார். முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். எக்கோவும் ரத்தமும் எடுத்துவரச் சொல்லி, அவை வரும்வரை காக்க வைத்தார். எல்லாம் நல்லபடியாகவே இருந்தன.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லதானே டாக்டர்?"

"அப்படிச் சொல்லிர முடியாது. நெஞ்சுங்கிறது ஒரு பம்பு. சில பேருக்கு அது அமுக்குற வேகம் கொறையும். எக்கோவுலயே தெரிஞ்சிரும். பாதிப் பேருக்கு அமுக்குறது நல்லாத்தான் இருக்கும், விரிஞ்சு ரத்தத்தை வாங்கத்தான் முரண்டு பிடிக்கும். அவங்களைப் படுக்கப்போட்டு எக்கோ எடுத்தா நம்மளையே ஏமாத்திரும். ரத்தத்துலயும் சில நேரம் மாட்டாது. பாரம் ஏத்தினாத்தான் வண்டவாளம் தெரியும். அதுக்குத்தானே படியே வச்சோம்."

"நான் எந்தப் படியில ஏறினேன் டாக்டர்?"

"எனக்கும் காட்டாது. ஒருத்தர் எங்க போறார் வாரார்ங்கிறது அவர் அந்தரங்கம்னு கோர்ட்டு சொல்லிட்டு. நெலை மட்டுந்தான் வரும். நீங்களே யோசிங்க. சமீபத்துல எங்கயாவது நீளமா ஏறினீங்களா?"

மனிதனிடம் உனக்கு நோய் என்று சொன்னால் போதும், ஆதாரத்தை அவனே தேடிக் கொண்டுவந்து கொடுத்துவிடுவான். போன மாதம் லிஃப்ட் கெட்டுப்போன அன்று கிரேன் ஏணியில் ஏறியது இசக்கிராஜுக்கு ஞாபகம் வந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியதா? வாங்கியது போலத்தான் இருந்தது. அந்த ஏணியில் கருவியும் இல்லை, அன்று கையில் பட்டையும் இல்லை என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

"நெஞ்சு லேசா அடைச்சுது," என்றான்.

"பாத்தீங்களா?" என்று டாக்டர் எழுத ஆரம்பித்தார். "உப்பைக் கொறைக்கணும். தண்ணி ஒன்றரை லிட்டருக்கு மேல வேண்டாம். தினம் காலையில எடை பாக்கணும். ரெண்டு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா அது சதை இல்ல, நீர். ஒடனே இங்க வந்திரணும்."

செண்பகம் ஒவ்வொன்றையும் முணுமுணுத்துப் பாடம் செய்துகொண்டாள். டாக்டர் பேனாவை மூடும்போதுதான் அவள் பக்கம் திரும்பினார்.

"நீ ஏம்மா இப்படி எரைக்க?"

"பிள்ளையைத் தூக்கிட்டு மாடி ஏறினேன்லா டாக்டர். பச்ச ஒடம்பு."

டாக்டர் தலையை ஆட்டினார். "கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிடு," என்றார். எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்கு வருகிற எல்லா நோவுக்கும் ஒரே பெயர்தான். கால் வீங்கினாலும் பச்ச உடம்பு, தலை சுற்றினாலும் பச்ச உடம்பு. முப்பது வருட அனுபவமும் அந்தச் சொல்லைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

செண்பகம் நல்ல காரியக்காரி. அன்றிலிருந்து வீட்டில் இரண்டு சமையல். அவனுக்கு உப்பில்லாத குழம்பு. அவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று மாமியார் வெள்ளையம்மாள் வைக்கிற கருவாட்டுக் குழம்பு. காலையில் அவனை எடை பார்க்கும் கருவியில் ஏற்றி நாட்காட்டியில் குறிப்பாள். பிறகு நாலு மாத்திரைகளை அவன் உள்ளங்கையில் வைத்து, விழுங்குகிற வரைக்கும் நின்று பார்ப்பாள். நெஞ்சின் பாரத்தைக் குறைக்கிற மாத்திரைகள். நல்ல நெஞ்சுக்காரன் அவற்றைத் தின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றாமல் என்ன செய்யும்? பத்து நாளில் அவனுக்கு எழுந்தால் கண் இருட்டியது, உட்கார்ந்தால் தூக்கம் வந்தது. நோய் முற்றுகிறது என்று நினைத்தான். டாக்டரும் அப்படித்தான் நினைத்தார்.

கேட் ஆபீஸில் லாரி நம்பர் எழுதுவது அவனுக்குச் செத்துப் பிழைக்கிற மாதிரி இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் அவனுடைய கிரேன் தெரியும். அதில் வேறொருவன். அந்த ஆத்திரத்தை எல்லாம் வீட்டில் கொண்டுவந்து கொட்டினான். ஒருநாள் கடைத்தெருவுக்குப் போகும்போது செண்பகம் பின்தங்கிப் பின்தங்கி வந்தாள். மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நோயாளி நானா நீயா?" என்று எரிந்து விழுந்தான்.

"வந்துட்டேங்க, செருப்பு கடிக்கி," என்றாள் அவள்.

அவள் பாதம் செருப்பைவிடப் பெரிதாகிவிட்டது என்பதை அவன் பார்க்கவில்லை. ராத்திரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே அவள் தூங்கியதைப் பார்த்தான். பிள்ளை படுக்க விடவில்லை என்று அவள் சொன்னாள். அவனும் நம்பினான். தன் நெஞ்சையே நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அடுத்த நெஞ்சு எங்கே தெரியப்போகிறது?

மூன்றாவது மாத அறிக்கையில் அவன் மூன்றாம் நிலைக்கு இறங்கினான். எந்தப் படியும் ஏறவில்லையே என்று கேட்டதற்கு, ஒருமுறை பெயர் ஏறிவிட்டால் கணினியே மாதாமாதம் கணக்குப் போட்டுக்கொள்ளும் என்றார்கள். நாலாவது மாதமும் அதே மூன்று, ஆனால் எச்சரிக்கையோடு. அடுத்த நிலைக்குப் போனால் கேட் ஆபீஸும் கிடையாது, கட்டில்தான் என்று ஸ்டான்லி பக்குவமாகச் சொன்னார்.

ஐப்பசிக் கிருத்திகை அன்று காலை பத்து மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"செம்பாறைக் குன்று கோயில்லேர்ந்து பேசுதோம். ஒங்க வீட்டம்மா படியில மயங்கி விழுந்துட்டாவ. அடிவாரத்து ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. வெரசா வாங்க."

செண்பகம் அவள் அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். மாதம் ஒருமுறை அப்படிப் போய்விட்டு மத்தியானத்துக்குள் வந்துவிடுவாள். அவன் தாயையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு காரை விரட்டினான். பாதி வழியில் வெள்ளையம்மாள் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள்.

"ஒனக்காகத்தான்யா ஏறுதா. பிள்ளை வயித்துல இருக்கும்போது ஒன் கிரேன்ல கம்பி அந்துச்சுல்லா, நீ தப்பிச்சதுக்கு அறுநூத்திப் பன்னெண்டு படியும் ஏறுதேன்னு நேந்துக்கிட்டா. பிள்ளைக்கு மூணு மாசம் முடிஞ்சதும் போய் ஏறினா. மறுவாரமே ஒனக்கு நெஞ்சுல கொறைன்னு வந்துட்டு. நேர்ச்சையில ஏதோ பெசகுன்னு, அன்னையிலேர்ந்து மாசாமாசம் கிருத்திகைக்கு ஏறுதா. இது அஞ்சாவது தடவை."

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நேர்ச்சையை வெளிய சொன்னா பலிக்காதுன்னு சத்தியம் வாங்கிட்டாளே. நீயும் திட்டுவ."

திட்டத்தான் செய்திருப்பான். அவனுக்குச் சாமி பெரிதில்லை, கிரேன்தான் பெரிது.

அடிவாரத்து ஆஸ்பத்திரி சின்னது. எட்டுக் கட்டில், ஓர் இளம் டாக்டர். அவர் பெயர் ரியாஸ். இசக்கிராஜைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசினார்.

"பி.பி. ரொம்பக் குறைஞ்சிருக்கு சார். விரதம்னு தண்ணிகூடக் குடிக்காம வெயில்ல ஏறியிருக்காங்க. நுரையீரல்ல ஈரச் சத்தம் கேக்குது. இது நிமோனியாவா இருக்கலாம், நெஞ்சுக் கோளாறாவும் இருக்கலாம். நிமோனியான்னா உடனே டிரிப் ஏத்தணும், ஏத்தினா பிழைச்சுக்குவாங்க. நெஞ்சுன்னா அதே டிரிப் ஆளை முடிச்சிரும். தண்ணியை வெளியேத்தத்தான் மருந்து கொடுக்கணும். ரெண்டும் நேர் எதிர் வைத்தியம்."

"எக்கோ எடுத்துப் பாருங்க டாக்டர்."

"இங்க ஒண்ணு இருந்துச்சு. படியளவு வந்தபிறகு சின்ன ஆஸ்பத்திரிக்கு எதுக்குன்னு எடுத்துட்டுப் போயிட்டாங்க. மாவட்ட ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் கேட்டிருக்கேன், வர ஒரு மணி நேரம் ஆகும். இவங்க பேர்ல ஒரு படி ரிப்போர்ட் இருந்தா நான் ஒரு நிமிஷத்துல முடிவு பண்ணிருவேன். ஆனா ஒண்ணுகூட இல்லையே."

"அவ மாசாமாசம் ஏறியிருக்காளே டாக்டர்."

"முன்னெல்லாம் காப்புக் கட்டாம ஏறியிருப்பாங்க. இன்னைக்குக் கட்டின காப்பைத் தூக்கிட்டு வந்தவங்க அவுத்துக் கோயில்லயே கொடுத்துட்டாங்களாம், அது வரத் தாமதமாகுதோ என்னவோ. மலையில சிக்னல் சரியில்ல, சில நேரம் ரெண்டு மணி நேரம் கழிச்சு வரும். வந்தா எனக்கு உடனே தெரியும். அதுவரைக்கும் பொறுத்துப் பாக்குறேன்."

செண்பகத்தைக் கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள். படுக்கவைத்தால் திணறுகிறாள் என்று நர்ஸ் சொன்னாள். மூக்கில் குழாய், முகமெல்லாம் வியர்வை. அவனைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டாள்.

"போட்டுட்டேன். நீ பேசாத."

"இன்னும் படி பாக்கி இருக்குங்க. பாதியில விட்டுட்டேன்."

வராந்தாவில் வெள்ளையம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பாதியில் நின்ற நேர்ச்சை ஆகாது, அது அவளைச் சும்மா விடாது என்றாள். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நானாவது ஏறட்டுமா என்று கேட்டாள். அவனுக்கு அதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே சும்மா நிற்கவும் முடியவில்லை.

"நான் ஏறுதேன்."

"ஒன் நெஞ்சு தாங்காதேய்யா."

"போனா போட்டும்."

அவன் வீம்புக்குச் சொல்லவில்லை. மூன்றாம் நிலைக்காரன் அறுநூற்றுப் பன்னிரண்டு படி ஏறினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். எனக்காக ஏறித்தானே விழுந்தாள், அவளுக்காக நான் விழுகிறேன், எடுத்துக்கொள் என்று மனதுக்குள் மலையைப் பார்த்துச் சொன்னான். பேரம் நியாயமாகத்தான் பட்டது.

அடிவாரத்து மண்டபத்தில் சேவைக்காரம்மா ஒருத்தி தாம்பாளத்தில் காப்புகளை அடுக்கி வைத்திருந்தாள்.

"யார் பேருக்கு?"

"என் வீட்டுக்காரி பேருக்கு. செண்பகவல்லி."

"நட்சத்திரம்?"

"அனுஷம்."

"அவங்க போன் நம்பர் சொல்லுங்க."

சொன்னான். அவள் கருவியில் தட்டிவிட்டு, அவன் வலது மணிக்கட்டில் காப்பைக் கட்டி, நெற்றியில் திருநீறு பூசினாள்.

ஏறினான். ஐம்பதாவது படியில் நெஞ்சு பிடிக்கும் என்று காத்திருந்தான், பிடிக்கவில்லை. நூறு தாண்டியது. காலையில் விழுங்கிய மாத்திரையால் லேசாகத் தலை சுற்றியது, அவ்வளவுதான். முந்நூற்று நாற்பதாவது படியில் செண்பகத்தின் பூக்கூடை கவிழ்ந்து கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு மேலே போனான். சாவதற்காக ஏறுகிறவனுக்குச் சாவு வராமல் போவதில் ஒரு வெட்கம் இருக்கிறது. ஐந்நூறைத் தாண்டியபோது அவனுக்கு முருகன் மேல் முதல்முறையாக நம்பிக்கை வந்தது. கை கொடுத்துத் தூக்குகிறான், இல்லாவிட்டால் இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு நான் எப்படி ஏறுவேன் என்று நினைத்துக் கண் கலங்கினான்.

உச்சியில் ஒரு சேவைக்காரர் காப்பை அவிழ்த்துக் கருவியின் மேல் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது.

"செண்பகவல்லிக்கு ஒரு கொறையும் இல்ல. நல்லாருப்பாவ," என்றார்.

அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அது சாமியின் வாக்கு என்றே எடுத்துக்கொண்டான். சன்னதியில் அரை மணி நேரம் கைகூப்பி நின்றுவிட்டுத் திரும்பி வந்தான்.

அப்போதுதான் ஒரு பெரியவர் ஏறி வந்தார். அறுபது வயதிருக்கும், பெருத்த உடம்பு, மூச்சு விசில் அடித்தது. தூணைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினார். சேவைக்காரர் காப்பை அவிழ்த்து வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"பேத்தி பேருக்கு ஏறினியளா? பிள்ளைக்கு நெஞ்சுல ஏதோ இருக்குன்னு காட்டுதே. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க."

"ஐயோ, ரெண்டு வயசுப் பிள்ளையாச்சே. அதுக்கு என்னன்னு தெரியலையே," என்று பெரியவர் திணறிக்கொண்டே அழ ஆரம்பித்தார்.

இசக்கிராஜ் அவரைப் பார்த்தான். அவர் மூச்சைக் கேட்டான். பிறகு தன் மூச்சைக் கேட்டான். அது சத்தமே இல்லாமல் போய்வந்துகொண்டிருந்தது. அப்போது போன் அடித்தது.

"சார், ரியாஸ் பேசுறேன்," என்றது குரல். அதில் சந்தோஷம். "மேடத்தோட ரிப்போர்ட் வந்து சேந்துருச்சு. காலையில ஏறினது தாமதமா வந்திருக்கு. நெஞ்சு அருமையா இருக்கு. அப்ப இது நிமோனியாதான். டிரிப் போட்டாச்சு, வேகமா ஏறிக்கிட்டிருக்கு. கவலைப்படாதீங்க."

"டாக்டர், டிரிப்பை நிறுத்துங்க."

"என்ன சார்?"

"அது அவ நெஞ்சு இல்ல, என் நெஞ்சு. நான்தான் ஏறினேன். அவ பேரைச் சொல்லி ஏறினேன்."

"நீங்களா? உங்க பேர்ல மூணாம் நிலைன்னு இங்க திரையில இருக்கே. மூணாம் நிலைக்காரர் இத்தனை படி ஏறிட்டு இப்படிப் பேச முடியாது."

"அந்த மூணு அவளுது டாக்டர். அவ என் பேரைச் சொல்லித்தான் ஏறியிருப்பா. ஏறின ஒவ்வொரு மாசமும் அப்படித்தான் சொல்லியிருப்பா. என் பேர்ல வந்ததெல்லாம் அவ நெஞ்சு."

மறுமுனையில் டாக்டர் நர்ஸைப் பார்த்துக் கத்துவது கேட்டது. இசக்கிராஜ் இறங்க ஆரம்பித்தான். மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கினான். எங்கும் நிற்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. அந்த நல்ல நெஞ்சை அப்போது அவன் வெறுத்தது போல் எதையும் வெறுத்ததில்லை.

அவன் போனபோது டிரிப்பை எடுத்திருந்தார்கள். ஒன்றரை பாட்டில் ஏறியிருந்தது. நீரை வெளியேற்ற ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள். ஆம்புலன்ஸும் வந்து நின்றது. செண்பகம் அவன் கையைப் பிடித்தாள், ஆனால் பேச முடியவில்லை. வாயில் நுரை தள்ளியது. மத்தியானம் ஒன்றே காலுக்கு அவள் போய்விட்டாள். குழந்தை வராந்தாவில் பாலுக்கு அழுதுகொண்டிருந்தது.

பதினாறாம் நாள் கழிந்தபின் டாக்டர் அமலோற்பவம் வீட்டுக்கு வந்தார். செண்பகத்தின் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"பிள்ளை பெத்தபிறகு சில பேருக்கு நெஞ்சு இப்படித் தளந்துபோகும். பாதிக்கு மேல மருந்துலயே சரியாயிரும். அவ என் முன்னாலதான் எரைச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. நான் ஒங்க காலை அமுக்கிப் பாத்தேன். அவ காலைப் பாக்கல."

"அவ திங்க வேண்டிய மாத்திரையைத்தான் டாக்டர் தினமும் எனக்குக் கொடுத்தா," என்றான் இசக்கிராஜ்.

டாக்டர் கிளம்பும்போது, பதிவைத் திருத்த மனுப் போடுங்கள் என்றார். அரசாங்கக் கணினியில் இன்னும் அவன் சாகக்கிடக்கிற நெஞ்சுக்காரன். அவளோ குறையில்லாத நெஞ்சோடு நிமோனியாவில் செத்தவள். இது இப்படியே இருந்தால், நாளைக்கு இந்தப் பிழை இருந்ததாகவே யாருக்கும் தெரியாது. அடுத்த கிருத்திகைக்கும் அதே தாம்பாளம், அதே கேள்விதான்.

மனுப் போட்டான். கேள்வியை மாற்றுங்கள், 'யார் பேருக்கு' என்று கேட்காமல் 'உங்கள் பெயர் என்ன' என்று கேளுங்கள் என்றும் அதில் எழுதினான். ஆஸ்பத்திரி சமாசாரம் என்று தெரிந்தால் ஜனங்கள் கையை நீட்ட மாட்டார்கள், ஆகவே அந்த யோசனை ஏற்கப்படவில்லை என்று முதல் பதில் வந்தது. அமலோற்பவம் சான்று கொடுத்தார், ரியாஸ் தன் தப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். டாக்டர்கள் இரண்டு பேர் சொல்லியும் கணினிப் பிரிவு அசையவில்லை.

ஏழு மாதம் கழித்து முடிவான பதில் வந்தது. மரியாதையான கடிதம். அவனுடைய இழப்புக்கு வருத்தம் தெரிவித்திருந்தார்கள். இசக்கிராஜ் பெயரில் உள்ள பதிவுகள் செண்பகவல்லி என்பவருடையவை என்று மனுதாரர் கூறுவதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் திருத்த விதியில் இடமில்லை, எனவே மேற்படி செண்பகவல்லி பதினைந்து நாட்களுக்குள் நேரில் வந்து அதே படிகளில் ஒருமுறை ஏறிக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். காப்புக் கட்டும்போது அவர் தம் சொந்தப் பெயரையே சொல்ல வேண்டும் என்றும் ஒரு குறிப்பு இருந்தது.